ரசீது உள்ள பகடி

பாண்டி பஜாரில் அய்யாதுரை அண்ணாச்சியின் மருந்துக் கடையைத் தெரியாதவன் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்புக்கு எதுவுமே வராதவனாக இருக்க வேண்டும். பத்தடி அகலக் கடை. மூன்று பக்கமும் கண்ணாடி அலமாரி, நடுவில் காதில் பென்சிலோடு அண்ணாச்சி. பக்கத்துக் குடைக்கடை என்னுடையது. பதினைந்து வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவரைப் பற்றி எழுத இதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் எழுதிய மருந்தைத்தான் கொடுப்பார். ஆனால் கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தையும் வரும். "இது தூக்கத்தக் கொண்டுவரும், சைக்கிள்ல போகாதீங்க" என்பார். "இந்த டானிக் எதுக்கும்மா? பிள்ளைக்கு ரெண்டு வாழைப்பழம் வாங்கிக் குடுங்க" என்பார். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை ஜனங்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? "அண்ணாச்சி சொன்னா சரி" என்பது எங்கள் வரிசைக் கடைகளில் பத்திரத்தில் எழுதாத சட்டம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் கடை நின்றது. அலமாரி, மருந்து எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த வாக்கியத்துக்கு 1978-இல் ஆபத்து வந்தது. வந்த வழி விசித்திரமானது.

ஹெல்மர் என்று ஒரு மருந்துக் கம்பெனி. வெளிநாட்டுக்காரன் ஆரம்பித்தது. இருமல் மருந்தும் வயிற்று மாத்திரையும் நன்றாக ஓடும். வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்த நாட்டு ஜனங்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று டெல்லியில் சட்டம் வந்திருந்த சமயம். ஹெல்மர் கம்பெனியும் புதிதாக மூன்று லட்சம் ஷேர் போட்டது. ஒரு ஷேர் பத்து ரூபாய். அதற்கு மேல் பிரீமியம் பதினாலு; அந்த வார்த்தையை அப்போது எங்களில் யாரும் கவனிக்கவில்லை. ஆக இருபத்தி நாலு. குறைந்தது ஐம்பது ஷேர் கேட்க வேண்டும்.

"மாசம் ஆறு பெட்டி இருமல் மருந்து நான் ஒருத்தனே விக்கேன். ஊரு பூரா இருமுது. இவன் நஷ்டப்பட வழியே இல்ல" என்றார் அண்ணாச்சி. அவர் ஐம்பது கேட்டார். அவர் சொன்னார் என்று நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கு ஐம்பது கேட்டோம். எவர்சில்வர் பாத்திரக் கடை தணிகாசலம், வளையல் கடை ஷாகிரா, காபித்தூள் கடைக்காரர், தையல் மெஷின் ரிப்பேர்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நான். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அந்தக் காலத்து ஆயிரத்து இருநூறு. படிக்கிறவர்கள் அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் ஷேர் ஒதுக்கினார்கள். மே மாதம் ரிஜிஸ்டர் தபாலில் பத்திரம் வந்தது. பச்சைப் பூக்கொடி போட்ட அழகான காகிதம். தணிகாசலம் அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னா அண்ணாச்சி இது? ஷேர் ஒண்ணுக்கு இருபத்தி நாலு ரூபா வாங்கிக்கினு பத்து ரூபான்னு அச்சடிச்சு அனுப்பிக்கிறான்? பாக்கி பதினாலு யாரு பாக்கெட்ல கீது?"

அண்ணாச்சி தன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் பத்துதான். பதினாலைப் பற்றி முன்பக்கமும் பேச்சில்லை, பின்பக்கமும் பேச்சில்லை. அவர் முகம் கறுத்துப் போயிற்று.

அவருக்கு உடனே என்ன நினைப்பு வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பேட்டையில் கடை எடுத்த எவனுக்கும் அதுதான் வரும். பகடி. வாடகை மாசம் தொண்ணூறு ரூபாய் என்று ரசீது எழுதுவான். ஆனால் சாவி கைக்கு வர வேண்டுமென்றால் தனியாக மூவாயிரம் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. அண்ணாச்சி 1962-இல் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து இந்தக் கடையை எடுத்தபோது அப்படித்தான் மூவாயிரம் கொடுத்தார். நாலு வருஷத்தில் கட்டிடக்காரர் காலமாகிவிட்டார். மகன் வந்து, "எங்கப்பா வாங்கினதுக்கு ஏதாச்சும் எழுத்து இருக்கா?" என்று கேட்டான். எழுத்து ஏது? இன்னொரு ஆயிரத்து ஐநூறு கொடுத்துத்தான் கடையில் உட்கார்ந்தார். காகிதத்தில் ஏறாத பணம் செத்த பணம் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

"இது பகடிதாம்வே" என்றார், குரல் இறங்கி. "பெரிய இடத்துப் பகடி. கோட்டு சூட்டு போட்டு வாங்கியிருக்கான்."

அவர் வாயிலிருந்து வந்தால் போதாதா? சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் கடைவாசலில் நின்றோம். நானும் நின்றேன், மறைக்கவில்லை. அண்ணாச்சி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"நான் சொல்லித்தான் போட்டீங்க. கம்பெனி அந்தப் பதினாலுக்குக் கணக்குச் சொல்லலேன்னா நான் தாரேன். ஆளுக்கு எழுநூறு. ஆறு பேருக்கு நாலாயிரத்து இருநூறு."

கேட்க வந்த நாங்கள் ஒரு அடி பின்வாங்கினோம். காரணம், அவரிடம் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். கடைக்கு ஐஸ் பெட்டி வாங்க. ஐந்து வருஷமாகச் சேர்த்தது. இன்சுலின் ஊசி மருந்து வைக்கக் குளிர் வேண்டும். அது இல்லாததால் சர்க்கரை வியாதிக்காரர்களை லஸ் முனையில் இருக்கிற பெரிய மருந்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஷாகிராவின் அம்மாவுக்கும் அந்த மருந்துதான். வாரத்துக்கு ஒரு நாள் ஷாகிரா வளையல் கடையைச் சாத்திவிட்டு, பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

"எனக்கு அந்த எழுநூறு வாணாம் அண்ணாச்சி" என்றாள் ஷாகிரா. "நான் கம்பெனி மூஞ்சியப் பாத்தா போட்டேன்? உங்க மூஞ்சியப் பாத்துப் போட்டேன். நீங்க மொதல்ல ஐஸ் பெட்டிய வாங்குங்க. பஸ்ல நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு."

மற்றவர்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். தணிகாசலம் மட்டும் நகரவில்லை.

"அவங்க அவங்களுக்கு ஒரு நாயம். எனக்கு எழுநூறு வந்தா தேவல. கணக்குக் கெடச்சா திருப்பித் தந்துடறேன், போதுமா?"

அண்ணாச்சி உள்ளே போய் எண்ணி எடுத்து வந்து கொடுத்தார். தணிகாசலம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனான். ஐஸ் பெட்டி அந்த நிமிஷமே எழுநூறு ரூபாய் தூரம் தள்ளிப் போயிற்று.

பிறகு இரண்டு மாதம் அண்ணாச்சி விசாரிக்காத ஆள் இல்லை. பாங்கிக் குமாஸ்தா, "அது ஷேர் பிரீமியம் சார், எல்லாக் கம்பெனியிலும் வழக்கம்தான்" என்றார். வழக்கம் என்றால் பகடியும் வழக்கம்தானே! கம்பெனியிலிருந்து மருந்து ஆர்டர் எடுக்க வரும் டை கட்டிய பையனோ, "அதெல்லாம் மேலிடத்து விஷயம்" என்று நழுவினான். அண்ணாச்சியின் சந்தேகம் இன்னும் கெட்டியாயிற்று. வீட்டுக்காரி சண்முகவடிவு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் என் காதில் விழும்படியே கேட்டாள்: "மருந்து விக்க வந்த மனுஷன் மருந்த மட்டும் வித்தா ஆகாதா? இதுல டாக்டர் சீட்டு இல்லாம ஊருக்கே மருந்து எழுதிட்டு வந்து நிக்காக." அண்ணாச்சி தூக்கைத் திறந்தார். சோற்றைப் பிசைந்தார்.

ஜூலையில் கம்பெனியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. வழவழ காகிதம், பூரா இங்கிலீஷ், நடுவில் தொழிற்சாலைப் படம். ஆகஸ்டு மாதம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் பங்குதாரர் கூட்டம் என்று போட்டிருந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாமாம்.

"கேக்கேன்" என்றார் அண்ணாச்சி.

அன்று காலை அவரும் தணிகாசலமும் நானும் பஸ்ஸில் போனோம். கச்சேரி நடக்கிற மண்டபம். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஏழெட்டுப் பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். கீழே இருநூறு பேர். முக்கால்வாசி பேர் கையில் துணிப் பை. எனக்குப் பக்கத்தில் சந்திரமௌலி என்று ஒருவர், ரிட்டயர் ஆன தபால் ஆபீஸ்காரர். ஊரில் நடக்கிற எந்தக் கம்பெனிக் கூட்டத்தையும் விடமாட்டாராம். ஒவ்வொன்றிலும் அஞ்சோ பத்தோ ஷேர் வைத்திருந்தார்.

"புதுசா வந்திருக்கேளா? வாசல்ல கூப்பன் வாங்கினேளோ?"

"எதுக்கு சாமி கூப்பன்?" என்றான் தணிகாசலம்.

"டிபனுக்குத்தான். ஹெல்மர்ல பாதுஷாவும் மிக்சரும் தருவா. போன வாரம் ஒரு சிமெண்டுக் கம்பெனி, வெறும் பிஸ்கோத்து! எழுந்து நின்னு கண்டிச்சுட்டு வந்தேன்."

தணிகாசலம் உடனே எழுந்து கூப்பன் வாங்கப் போனான். கணக்குக் கேட்க வந்தவன்.

கூட்டம் இங்கிலீஷில் ஓடியது. தலைவர் படித்தார், கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து தலைவரின் தாயார் காலமானதற்கு வருத்தம் சொன்னார். இன்னொருவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க பஸ் விட வேண்டும் என்றார். அதற்கு எல்லாவற்றையும்விடப் பலத்த கைதட்டல். அப்போது அண்ணாச்சி எழுந்தார். கையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறை. அதன் மேல் பென்சிலால் கேள்வி எழுதியிருந்தார்.

"ஐயா, எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல கேக்கேன். நான் பாண்டி பஜார்ல மருந்துக் கடை வச்சிருக்கேன். ஷேருக்கு இருபத்தி நாலு ரூபா கொடுத்தேன். பத்திரத்துல பத்துன்னு இருக்கு. பதினாலு எங்க? எங்க பக்கம் இதுக்குப் பேரு பகடி. ரசீது இல்லாத பணம். என் வார்த்தைய நம்பி இன்னும் ஆறு பேரு கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

முன் வரிசையில் சிரித்தார்கள். "பகடியாம்!" என்று ஒருவர் பக்கத்தில் சொன்னது கேட்டது. எனக்குக் காது சூடாயிற்று. ஆனால் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த கம்பெனிச் செயலாளர் சிரிக்கவில்லை. பத்ரிநாராயணன் என்று பெயர். நெற்றியில் கீற்றாகச் சந்தனம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து ஒலிபெருக்கிக்கு வந்தார்.

"நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. புஸ்தகம் கையில இருக்கோல்லியோ? பதினோராம் பக்கம் எடுங்கோ. மேலேர்ந்து ரெண்டாவது வரி. ஷேர் பிரீமியம்னு போட்டிருக்கும். அதுதான் உங்க பதினாலு. எதிர்ல தொகை இருக்கு பாருங்கோ."

நான் புரட்டிக் கொடுத்தேன். எழுத்துப் புரியாவிட்டாலும் எண் எல்லாருக்கும் புரியும். நாற்பத்தி ஒரு லட்சத்து இருபதாயிரம்.

அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். உறையின் பின்பக்கம் எழுதினார். மூன்று லட்சம் ஷேர், பதினாலால் பெருக்கல். மண்டபமே காத்திருந்தது. தலைவர் தண்ணீர் குடித்தார்.

"நாப்பத்தி ரெண்டு லட்சம்லா வரணும்?" என்றார் அண்ணாச்சி. "எம்பதாயிரம் குறையுதே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. துணிப் பைக்காரர்கள்கூடப் பதினோராம் பக்கத்தைத் தேடினார்கள். பத்ரிநாராயணன் முகத்தில்தான் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு.

"பேஷ்! பன்னண்டு வருஷமா இந்த மேடையில உக்காந்திண்டிருக்கேன், பெருக்கிப் பாத்து என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். அந்த எம்பதாயிரம் ஷேர் வெளியிட்ட செலவு. விண்ணப்பம் அச்சடிச்சது, பேப்பர் விளம்பரம், பாங்கிக் கமிஷன். அதை இந்தக் கணக்குலேர்ந்து கழிச்சுக்கலாம்னு சட்டம் சொல்றது. இருபத்தி மூணாம் பக்கத்துல சில்லறை சில்லறையா போட்டிருக்கோம்."

"சரி. மிச்சத்த நீங்க மேடையில இருக்கவங்க எடுத்துக்கிட முடியுமா?"

"முடியாது."

"லாபம்னு சொல்லிப் பங்கு போட்டுக் குடுக்க முடியுமா?"

"அதுவும் முடியாது. அது லாபம் இல்லை, பங்குதாரா போட்ட மூலதனம் மாதிரி. தனிப் பெட்டி. எதுக்கு எடுக்கலாம்னு சட்டத்துல நாலே நாலு வழி எழுதியிருக்கு. அதுல ஒண்ணு, உங்களுக்கே இனாமா புது ஷேர் குடுக்கறது. போனஸ்னு சொல்வா."

"அப்ப ஆரம்பத்திலேயே இருபத்தி நாலுன்னு அச்சடிச்சா என்ன? பத்து தனி, பதினாலு தனின்னு எதுக்கு வைக்கணும்?"

பத்ரிநாராயணன் கொஞ்சம் யோசித்தார். "உங்க கடை எத்தனை வருஷமா நடக்கறது?"

"பதினாறு."

"இன்னிக்கு ஒருத்தர் கூட்டுச் சேர வர்றார். பதினாறு வருஷம் முன்னாடி நீங்க காலிக் கடையில போட்ட அதே தொகையைப் போட்டுட்டு, சரி பங்கு குடுங்கறார். குடுப்பேளா?"

"எப்படிக் குடுப்பேன்? ஓடுற கடைல்லா! அலமாரி, சரக்கு, பேரு…" அண்ணாச்சி நடுவில் நிறுத்திவிட்டார். உறையைப் பார்த்தார். "அப்ப பத்துங்கது எல்லாருக்கும் ஒண்ணுபோலப் பங்கு. பதினாலு, ஓடுற கடையில நுழையுத விலை. பகடியேதான்!"

"பகடிதான்னு வச்சுக்கோங்கோ" என்றார் செயலாளர். "ஆனா வீட்டுக்காரன் பாக்கெட்டுக்குப் போகலை. கடைக்குள்ளேயே இருக்கு. கடையில உங்களுக்கும் பங்கு."

கைதட்டல் எழுந்தது. தொழிற்சாலை பஸ்ஸுக்கு விழுந்ததைவிட இது பெரிது. அண்ணாச்சி உட்கார்ந்தார். பென்சிலைக் காதில் செருகினார். "ரசீது இருக்குவே" என்று என்னிடம் சொன்னார். "பதினோராம் பக்கம்."

தணிகாசலத்தின் கண் மட்டும் மேடையில் இல்லை. பாதுஷா வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து கடைவாசலில் ஆறு பேரையும் நிற்கவைத்து அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். தான் சாப்பிடாமல் கொண்டுவந்திருந்த பாதுஷாவை ஷாகிராவிடம் கொடுத்து, எல்லாருக்கும் பிட்டுக் கொடுக்கச் சொன்னார். ஒளிக்காமல் இன்னொன்றும் சொன்னார்: "வருஷ லாபத்துல தாற டிவிடெண்டப் பத்து ரூபாய்க்குக் கணக்குப் போட்டுத்தான் தருவான், இருபத்தி நாலுக்கு இல்ல. இந்த வருஷம் ஷேருக்கு ஒண்ணே கால் ரூபாகூட வராது. அது குறைதான். இனிப்புப் பூசிச் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒண்ணு. விசாரிக்காம பகடின்னு மொதல்ல கத்துனது நான். அது என் தப்பு."

ஷாகிரா பாதுஷாவைத் தின்றபடியே கேட்டாள்: "அப்ப ஐஸ் பெட்டி எப்ப?"

எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தோம். அவன் பாத்திரக் கடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை.

பத்து நாள் அவன் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. எழுநூறை மச்சான் கல்யாணத்தில் செலவழித்துவிட்டான் என்று தெரிந்தது. அண்ணாச்சி கேட்கவில்லை. "வருவான்" என்றார். பதினோராம் நாள் காலையில் வந்தான். கையில் ஐநூறு ரூபாய். பின்னால் அவன் கடை ஆள் இரண்டு பேர், ஒரு பெரிய எவர்சில்வர் தண்ணீர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு. அடியில் பித்தளைக் குழாய், மேலே மூடி, மூடிக்குச் சங்கிலியில் ஒரு டம்ளர்.

"ஐநூறு ரொக்கம் கீது அண்ணாச்சி. பாக்கி இரநூறுக்கு இது. கடைவாசல்ல வெச்சா, மாத்திரை வாங்கறவன் இங்கயே போட்டுக்கினு போவான். உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது."

"இரநூறா? இது நூத்தி எம்பதுதான் பெறும்" என்று ஷாகிரா தன் கடையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"நூத்தி எம்பது சாமானு, மேல இருபது பிரீமியம்!" என்றான் தணிகாசலம். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். மே மாதத்துக்கு அப்புறம் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஐஸ் பெட்டி வந்தது. முதல் இன்சுலின் புட்டி ஷாகிராவின் அம்மாவுக்குப் போயிற்று. பிளாஸ்க் அவள் கடையில் டீ வாங்கப் பயன்பட்டது. மறு வருஷம் கம்பெனி ஐந்து ஷேருக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஆளுக்குப் பத்து ஷேர், காசு எதுவும் கட்டாமல். அந்த வருஷப் புத்தகம் வந்ததும் அண்ணாச்சி பென்சிலோடு பதினோராம் பக்கத்தைத் தேடினார். அந்தப் பிரீமியம் பெட்டியில் இருபத்தி நாலு லட்சம் குறைந்திருந்தது. பழைய ஷேரும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு லட்சம் ஷேர், ஐந்துக்கு ஒன்று, ஒன்று பத்து ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. தணிகாசலம் தன் போனஸ் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேனே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பாத்திரக் கடையில் எது வாங்கினாலும் பெயர் வெட்டித் தருவது வழக்கமில்லையா? டிரம்மிலும் தணிகாசலம் வெட்டித்தான் கொண்டுவந்திருந்தான். அது இறக்கிவைத்த அன்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் தண்ணீர் நிரப்பக் குனிந்தபோதுதான் அண்ணாச்சி கண்ணில் பட்டது. 'அய்யாதுரை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே '10 + 14'.

மாத்திரை விழுங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, என்ன கணக்கு இது என்று கேட்பார்கள். அண்ணாச்சி, "முதல்ல மாத்திரையப் போடுங்க, சொல்லுதேன்" என்பார். பாதி கேட்டதும் சிலர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் முழுசும் கேட்டுவிட்டு, அடுத்து எந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாம் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்வதில்லை. இரும ஆரம்பித்துவிடுவார்.